மாகறல் வளைவில் ஹாரன் அடிக்கவில்லை

உத்திரமேரூர்
30 மார்ச் 2025, ஞாயிறு

மதிப்பிற்குரிய சுகுமார் மாமா அவர்களுக்கு,

மேலே இருக்கிற அந்த ஒரு வரியை எழுத நாற்பது நிமிடம் ஆனது. மாமா என்று போடுவதா, சார் என்று போடுவதா என்று தெரியவில்லை. குழந்தைகள் நல ஆபீஸ் தேவகி மேடத்தைக் கேட்டேன். "உங்க அம்மா கூடப் பொறந்த தம்பி. மாமான்னு போடாம போஸ்ட்மேன்னா போடுவ" என்றார். அதனால் மாமா. 'மதிப்பிற்குரிய' பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிய பழக்கத்தில் வந்துவிட்டது, மன்னிக்கவும்.

என் வாழ்க்கையில் இதுதான் முதல் கடிதம். எல்லாவற்றையும் ஃபோனில் தட்டியே பழக்கம். இங்கே டெலிட் இல்லை, அடித்தால் அடித்தது தெரிகிறது. ஸ்மைலியையும் நானே வரைய வேண்டியிருக்கிறது. மூன்றாவது வரிப் பக்கத்தில் உருளைக்கிழங்கு மாதிரி இருப்பது சிரிப்பு. உங்கள் ஃபோன் நம்பரைக் கேட்டதற்கு மேடம், "ஃபோன்ல விட்டா ரெண்டு பேரும் 'ம்', 'ம்'னு சொல்லிட்டு வெச்சுடுவீங்க. முதல்ல எழுதுங்க. மே பதினொண்ணு நேர்ல பாக்கலாம். அதுக்கு முன்னாடி சந்திப்பு கிடையாது" என்று சொல்லிவிட்டார். கடிதங்களை அவரே கொண்டுபோய்க் கொடுப்பாராம், பிரிக்க மாட்டாராம். (பிரித்திருந்தால், வணக்கம் மேடம்.)

மேலே என்ன போடுவது என்றும் வீட்டில் ஒரு சண்டை. நைனா சிலுவை போடு என்றார். என் ஃப்ரெண்டு பிள்ளையார் சுழி என்றாள். நான் ஸ்டீயரிங் வரைந்துவிட்டேன். காரணம் கீழே வருகிறது.

நான் இளமதி. பதினாறு வயது. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது. ஒன்பது வயதிலிருந்து பரிமளாம்மா, பீட்டர் நைனா வீட்டில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு இல்லத்தில். இது தத்து இல்லை. பேப்பரில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று போடுவார்கள். ஒவ்வொரு ஜூனிலும் குழந்தைகள் நலக் கமிட்டி எங்களைக் கூப்பிட்டுப் பேசி, இன்னொரு வருடம் எழுதிக்கொடுக்கும். நைனா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். பரிமளாம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், மீதி நேரத்தில் என்னைத் திட்டுகிறார்.

சாதிச் சான்றிதழ் வாங்க அம்மா வழி பேப்பர் வேண்டும் என்று மேடம் தேடிப் போனதில்தான் நீங்கள் கிடைத்தீர்கள். தேடியது பேப்பரை, கிடைத்தது மாமா. பழையசீவரம் என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துபாயில் இருந்திருந்தால் பரவாயில்லை. பழையசீவரத்துக்கு வாலாஜாபாத்தில் ஒரு பஸ் மாறினால் போதும். அந்த ரூட்டில் நான் எத்தனை தடவை போயிருக்கிறேன் தெரியுமா?

அடுத்தது ஸ்டீயரிங். நான் ஒரு பஸ் பைத்தியம். உத்திரமேரூர் ஸ்டாண்டுக்கு வந்துபோகும் எல்லா வண்டியையும் படம் பிடித்துப் போட ஒரு பேஜ் வைத்திருக்கிறேன், 412 ஃபாலோயர்ஸ். எந்த வண்டி எத்தனை மணிக்கு, யார் பாடி கட்டினது, ஹாரன் எப்படி, எல்லாம் சொல்வேன். ஹாரனுக்குப் பத்துக்கு மார்க் போடுவேன். நீங்கள் 'டிரான்ஸ்போர்ட் லைன்' என்று மேடம் சொன்னார். லாரியா? லாரி என்றாலும் பரவாயில்லை. கொஞ்சம் வருத்தப்படுவேன்.

இன்னும் ஒன்று. மேடம் போகும்போது பரிமளாம்மாவிடம், சொந்தக்காரர் ஏற்றுக்கொள்ளத் தயார் என்றால் கமிட்டி அதைத்தான் முதலில் பார்க்கும், நல்ல விஷயம்தானே என்று சொல்லிவிட்டுப் போனார். பரிமளாம்மா ஆமாம் மேடம் என்று சொல்லிவிட்டு, கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினார்.

இப்படிக்கு,
இளமதி

*

பழையசீவரம்
7.4.2025

அன்புள்ள இளமதிக்கு,

உன் லெட்டர் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். எனக்கு எழுதி வராது. தினமும் ட்ரிப் ஷீட் எழுதுவதோடு சரி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

லாரி இல்லை. பஸ். பிரைவேட் வண்டி, டிரைவராக ஆறு வருடம்.

உன் அம்மா பேர் பிரபா என்று உனக்குத் தெரிந்திருக்கும். என்னைவிட எட்டு வயது பெரியவள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அவளுக்குப் பிடித்த ஆளோடு போய்விட்டாள். எங்கப்பா பிடிவாதக்காரர். அந்தப் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். எடுக்கவில்லை. அவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று நாலு வருடம் கழித்துத்தான் எங்களுக்குச் சேதி வந்தது. குழந்தை அவங்கப்பா வீட்டு ஆட்களிடம் இருக்கிறது என்றார்கள். நாங்கள் நம்பினோம். நம்புவது சுலபமாக இருந்தது. போய்ப் பார்க்கவில்லை. அப்பா அம்மா ரெண்டு பேரும் இப்போது இல்லை. அவர்கள் போன பிறகாவது நான் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. நீ கோபப்பட்டது சரி.

பிரபா அக்காவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். காஞ்சிபுரம் போகும்போது பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஓடிப்போய், ஜன்னல் வழியாக எங்கப்பா துண்டைப் போட்டு முன் சீட்டைப் பிடித்துவிடுவாள். அது எனக்கு. அவள் நின்றுகொண்டு வருவாள். டிரைவர் கியர் போடுவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். வேறு என்ன வேலைக்குப் போயிருப்பேன், சொல்.

காது குத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். ஒன்றுக்கும் நான் வரவில்லை. மே மாதம் வரும்போது வெறுங்கையோடு வர மாட்டேன். என்ன வேண்டும் என்று கூச்சப்படாமல் எழுது.

எங்கள் வீடு சின்னது. நானும் என் சம்சாரம் சுலோச்சனாவும்தான். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. ஆனாலும் இடம் செய்துவிட்டோம். நடுவில் ஒரு தடுப்பு வைத்தாகிவிட்டது. நேற்று வாலாஜாபாத்தில் உனக்குக் கட்டிலும் வாங்கிவிட்டேன். இரும்புக் கட்டில். கவலைப்படாதே.

சுகுமார்

*

உத்திரமேரூர்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

பஸ்ஸா.

இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம் முழுக்க விட்டிருப்பேன், நோட்டுப் புத்தகத்தில் தாள் குறைவு. என் மாமா பஸ் டிரைவர். பேஜில் போட்டுவிடலாம் என்று கை அரித்தது. மேடத்துக்குப் பயந்து போடவில்லை. எந்த பஸ்? எந்த ரூட்? லேலண்டா, டாடாவா? உத்திரமேரூர் வருமா? ஒருவேளை நான் உங்களுக்கு ஏற்கெனவே மார்க் போட்டிருந்தால்? ஆறுக்குக் கீழே போட்டிருந்தால் இப்போதே மன்னிப்பு.

அம்மா துண்டு போட்டதைப் பரிமளாம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒன்னாட்டமே ஓடிக்கினு கீறா" என்றார். அம்மாவைப் பற்றி எனக்கு இதுவரை ஒன்றுமே தெரியாது, ஒரு ஃபோட்டோவைத் தவிர. அதில் நிற்கிறாள், அவ்வளவுதான். இப்போது அந்த ஃபோட்டோவில் ஓடுகிற மாதிரி தெரிகிறது. அதற்கு நன்றி. கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது, மெதுவாகப் போகும்.

சீர் என்று கேட்டீர்கள். பட்டுப்பாவாடை வேண்டாம், நான் போடவே மாட்டேன். பழைய ரூட் போர்டு கிடைக்குமா? டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் மாட்டுவார்களே, ஒரு பக்கம் ஒரு ஊர், திருப்பினால் இன்னொரு ஊர். இப்போது எல்லாம் லைட் போர்டு வந்துவிட்டது, ஷெட்டில் பழையது கிடக்கும். அது கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம்.

கட்டிலைப் பற்றி.

இரும்புக் கட்டில் நல்லதுதான். மூட்டைப்பூச்சி வராது. நான் சும்மா சில விஷயம் சொல்கிறேன், கட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு அடுத்த வருடம் பிளஸ் டூ, இதே ஸ்கூலில். அக்கவுன்டன்சி மிஸ் ரொம்ப நல்ல மிஸ். ஏரி நிரம்பிக் கோடி போனால் எங்கள் தெருவிலிருந்து பார்க்கலாம். ஒரு நாளில் எத்தனை பஸ் வருகிறது என்று எனக்கு மனப்பாடம். ரெண்டு ஆள் மூட்டையைத் தனியாகத் தூக்கி நைனாவுக்குத் தோள்பட்டை வலி, வியாழக்கிழமை வியாழக்கிழமை நான்தான் தைலம் தேய்க்கிறேன். பரிமளாம்மாவுக்குக் கிட்டத்தில் கண் சரியாகத் தெரியாது, ஊசியில் நூல் கோக்க ஆள் வேண்டும்.

கட்டில் வாங்கியதைப் படித்துக் காட்டினது என் தப்பு. அதிலிருந்து பரிமளாம்மா என்னைத் திட்டவில்லை. எட்டு நாள். நேற்று பால் பொங்கி அடுப்பு முழுக்க ஊற்றிவிட்டது, நான் ஃபோனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார், பார்த்தார், துடைத்தார், "பரவால்ல கண்ணு" என்றார். எனக்கு டைஃபாய்டு வந்தபோதுகூட அவர் திட்டாமல் இருந்ததில்லை.

இளமதி

*

பழையசீவரம்
22.4.2025

அன்புள்ள இளமதிக்கு,

எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ வந்து நின்றுவிடுவாய். மேடத்திடம் வார்த்தை கொடுத்திருக்கிறேன். மே பதினொன்று வரை பொறு.

ரூட் போர்டு கேட்டதை எங்கள் கண்டக்டர் ராஜாராம் அண்ணனிடம் சொன்னேன். "இன்னாபா, சீர்தட்டுல போர்டு வெச்சு எடுத்துக்கினு போவியா, ஊரு சிரிக்கும்பா" என்றார். ஆனால் ஷெட்டில் தேடுகிறார்.

கட்டிலைப் பற்றி நீ ரெண்டே வரியில் முடித்துவிட்டாய் என்று சுலோ சொன்னாள். பிடிக்கவில்லையோ என்றாள். வெயில் காலத்தில் எங்கள் வீடு கொஞ்சம் வேகும், உண்மைதான். அதனால் டேபிள் ஃபேன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நீ படித்த ஸ்கூலை விட்டு வருவது கஷ்டம் என்று தெரியும். இங்கேயும் ஸ்கூல் இருக்கிறது. ஒரு தடவை கைவிட்டுவிட்டோம். இரண்டாவது தடவை விட்டால் நான் மனுசன் இல்லை. கமிட்டியில் என்னைக் கேட்டால் தயார் என்றுதான் சொல்வேன். தயங்கினேன் என்று நீ ஒரு நாளும் நினைத்துவிடக் கூடாது.

எனக்கு நேரமே இருப்பதில்லை. அதனால்தான் லெட்டர் தாமதம். காலை 5.50க்கு காஞ்சிபுரத்தில் எடுத்தால், மூன்றாவது ட்ரிப் முடித்து உன் ஊர் ஸ்டாண்டுக்கு எதிரில் பூரி தின்னும்போதுதான் நாஷ்டா. பத்து நிமிடம். அதற்குள் நைசாக இதை எழுதுகிறேன். எண்ணெய்க் கறைக்கு மன்னிக்கவும்.

சுகுமார்

*

உத்திரமேரூர்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

நலம். நலமறிய ஆவல். இங்கு வெயில் அதிகம். (கடிதம் இப்படித்தான் எழுத வேண்டும் என்று யூடியூபில் பார்த்தேன்.)

நீங்கள் எந்த வண்டி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை. சனிக்கிழமை முழுக்க நான் லைப்ரரியில் இருந்தேன்.

பொதுவாக பஸ்களைப் பற்றி ஒரு கருத்து சொல்லலாமா? காஞ்சிபுரம் ரூட்டில் 'நீலமேகம்' என்று ஒரு நீல நிற வண்டி ஓடுகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அதன் டிரைவர் ஓட்டுவது வேற லெவல். பிரேக் போட்டால் நிற்பவர்கள் கம்பியைப் பிடிக்கவே தேவையில்லை. கைக்குழந்தையோடு ஒரு அக்கா ஓடிவந்தாள், கண்ணாடியில் பார்த்து நின்றார். உள்ளே வந்து அவள் உட்கார்ந்த பிறகுதான் எடுத்தார். முகம் கொஞ்சம் உர்ரென்று இருக்கும், ஆனால் ஓட்டும்போது வாய்க்குள் ஏதோ பாடுகிறார். ஓட்டுவதற்குப் பத்துக்குப் பத்து. நான் இதுவரை யாருக்கும் பத்து போட்டதில்லை.

ஆனால் ஹாரனுக்குப் பூஜ்யம்தான் போட வேண்டியிருக்கிறது. அந்த வண்டி ஹாரன் சூப்பராக இருக்கும் என்று பேஜில் ரெண்டு பேர் கமென்ட் போட்டிருந்தார்கள். ரெக்கார்ட் பண்ணலாம் என்று காத்துக்கொண்டே இருந்த ஒருவருக்கு (எனக்கு இல்லை) பெரிய ஏமாற்றம். மாகறல் வளைவில்கூட அடிக்கவில்லை, ஊர்ந்து திரும்பினார். ரிப்பேரா என்று தெரியவில்லை. முதலாளியிடம் சொல்லிச் சரிபண்ணச் சொல்லலாம். உங்களுக்குத் தெரிந்த வண்டியாக இருந்தால்.

இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் தைலம், நூல், மிஸ் என்று சுற்றினேன். உங்களுக்குப் புரியவில்லை, டேபிள் ஃபேன் வாங்குகிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

எனக்கு இங்கேயிருந்து வர இஷ்டமில்லை.

உங்களைப் பிடிக்கவில்லை என்று இல்லை. பிடித்துவிட்டது, அதுதான் பிரச்சினை. ஒரு மோசமான மாமாவாக இருந்திருந்தால் மேடத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து சாப்பிட்டிருப்பேன். அதைப் பார்க்கத்தான் நான் லைப்ரரிக்கே போனேன். இப்போது நீங்கள் கமிட்டியில் தயார் என்று சொல்வீர்கள், நான் இஷ்டமில்லை என்று சொல்வேன், உங்கள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. பரிமளாம்மாவும் நைனாவும் ஒன்றும் பேச மாட்டார்கள். தங்களுக்கு உரிமையில்லை என்று நினைக்கிறார்கள். நேற்று நைனா என் ஸ்கூல் சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்து ஒரு புது ஃபைலில் போட்டுக்கொண்டிருந்தார், பத்திரமாகக் கொடுத்து அனுப்பவாம். நான் அந்த ஃபைலை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இளமதி

*

பழையசீவரம்
4.5.2025

அன்புள்ள இளமதி,

ஹாரன் ரிப்பேர் இல்லை.

நான் உன்னை எப்போது கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். நீ உத்திரமேரூரில் 10.05 ட்ரிப்பில் ஏறினபோது இல்லை. தொப்பி போட்டுக்கொண்டு இடது பக்கம் முதல் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்க்காமல் என் கியர் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். யாரோ டிரைவிங் கற்றுக்கொள்கிறாள் போல என்று நினைத்தேன். காஞ்சிபுரத்தில் ராஜாராம் அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். போர்டைத் திருப்ப மறந்துவிட்டார். காஞ்சிபுரம் ஸ்டாண்டில் 'காஞ்சிபுரம்' என்று போர்டு போட்டுக்கொண்டு நின்றால் எவன் ஏறுவான்? வண்டி காலி. அந்தத் தொப்பிக்காரப் பெண் சீட்டில் நெளிந்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். அப்புறம் பொறுக்க முடியாமல் வந்து, என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு முன்னால் கையை விட்டுப் போர்டை எடுத்துத் திருப்பி மாட்டி, நேராக இருக்கிறதா என்று கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இந்த உலகத்தில் அப்படிச் செய்யும் பெண் ஒருத்திதான் இருக்க முடியும். அவளிடமிருந்து எனக்கு அதற்குள் ரெண்டு லெட்டர் வந்திருந்தது.

கூப்பிட்டிருப்பேன். வாய் வரை வந்தது. மேடத்துக்குக் கொடுத்த வார்த்தை ஒன்று. இன்னொன்று, பயம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் லேட். ராஜாராம் அண்ணன், "இன்னா சுகுமாரு, வண்டில முட்டை ஏத்திக்கினு வரியா" என்று கேட்டார்.

அப்புறம் உனக்கு ஃபோன் வந்தது. நீ குனிந்துகொண்டு பேசினாய். நீ மெதுவாகப் பேசியதாக நினைத்துக்கொண்டாய். "லைப்ரரிலதான் கீறேன்மா. சத்தமா? வெளில பஸ் போவுது. ம். சாப்டுறேன், வந்து சாப்டுறேன். நீ சாப்ட்டியா? மாத்திரை போட்டியா? மொதல்ல போடு, அப்பால பேசு" என்றாய்.

சரியாக அப்போது மாகறல் வளைவு. கை ஹாரனுக்குப் போய்விட்டது. அடித்தால் நீ மாட்டிக்கொள்வாய். அதனால் பிரேக்கில் காலை வைத்து ஊர்ந்து திரும்பினேன். உத்திரமேரூர் வருவதற்குள் இன்னும் ரெண்டு தடவை அந்தம்மா ஃபோன் பண்ணினார்கள். ரெண்டு தடவையும் அடிக்கவில்லை. அதற்கு நீ பூஜ்யம் போட்டிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து சுலோவிடம் சொன்னேன். அவள் கட்டிலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வீடு இல்லாத பெண்ணுக்கு என்று நாங்கள் கட்டில் வாங்கினோம். நாற்பது நிமிடத்தில் மூன்று தடவை ஃபோன் வருகிற பெண்ணுக்கு வீடு இருக்கிறது. மூன்று நாள் கழித்து உன் லெட்டரும் வந்தது, நீயே எழுதியிருந்தாய். எனக்கு வருத்தம் இல்லை. பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் இருந்தது. தடுப்பு வைக்க நானே ஆணி அடித்தேன் பார், அந்த வருத்தம்.

கமிட்டியில் நான் என்ன சொல்வேன் என்று நீ பயப்பட வேண்டாம். நேரில் வந்து, எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அதுவரை பரிமளா அக்காவிடம் ஒன்றும் சொல்லாதே. அவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டும். அது மரியாதை.

ஃபைலை அரிசி டிரம்மிலிருந்து எடு. வண்டு வைத்துவிடும்.

உன் மாமா,
சுகுமார்

*

உத்திரமேரூர்
13 மே 2025, செவ்வாய்

அன்புள்ள மாமா,

இப்போது உங்கள் நம்பர் என்னிடம் இருக்கிறது. நேற்று பேசினோம். நீங்கள் 'ம்' என்றீர்கள், நான் 'ம்' என்றேன், வைத்துவிட்டோம். மேடம் சொன்னது சரிதான். அதனால் மறுபடி கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனால் நீங்கள் பாதியைத்தான் பார்த்தீர்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் இங்கே செம கலாட்டா. பரிமளாம்மா விடியற்காலையிலேயே மீன் குழம்பு வைத்தார். வைத்த பிறகு, மாமன் வீட்டார் நல்ல நாளில் அசைவம் சாப்பிடுவார்களோ என்னமோ என்று சாம்பாரும் வைத்தார். நைனா ஷேவ் பண்ணி, கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு வரும் ஆளுக்கு ஏழு மணியிலிருந்து வாசலில் நின்றார். ரெண்டு பேரும் என்னைக் கொடுத்து அனுப்பப் போகிற முகத்தோடு இருந்தார்கள். எனக்கு உங்கள் கடிதம் தெரியும், சொல்ல முடியாது. அந்த மூன்று மணி நேரம் நான் பட்ட பேஜார் கொஞ்சமில்லை. உங்கள் மரியாதைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள், சுலோ அத்தை, தட்டு தூக்கிக்கொண்டு ராஜாராம் அண்ணன். ஏழு தட்டு. பழம், பூ, இனிப்பு, வளையல், அப்புறம் ஏழாவது தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து அந்தப் போர்டு. எங்கள் தெருவே எட்டிப் பார்த்தது. நான் அழ மாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

மேடம் பேனாவை எடுத்து உங்களைக் கேட்டபோது பரிமளாம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மேடத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னீர்கள். "பொண்ணு இங்கியே இருக்கட்டும்க்கா. நான் வந்து போற மாமாவா இருந்துக்கறேன். அதுக்கு மட்டும் நீங்க சரின்னு சொல்லணும்" என்றீர்கள். மேடம் எழுதினார். நைனா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயில் ஜாஸ்தி என்றார்.

அப்போதுதான் ராஜாராம் அண்ணன், "அட, இந்தப் பொண்ணுதான அன்னிக்கு காஞ்சிபுரத்துல நம்ம போர்டைத் திருப்புச்சு" என்று போட்டு உடைத்தார்.

கதவு திறந்த வேகம் ஞாபகம் இருக்கிறதா?

"காஞ்சிபுரமா? லைப்ரரின்ன? மூணு வாட்டி போன் பண்ணேனே, மூணு வாட்டியும் லைப்ரரின்ன? வெயில்ல தனியா பஸ் ஏறி காஞ்சிபுரம் போயிக்கினு வந்துகீற, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா இன்னாடி ஒனக்கு?" என்று ஆரம்பித்து, அதோடு நிற்காமல், பால் பொங்கினது, ஃபைலில் அரிசி ஒட்டியிருந்தது, ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் மேடத்துக்கு முன்னாலேயே இறக்கினார். நீங்கள் பயந்துபோய், நான்தான் காரணம் என்று சமாதானம் பேச வந்தீர்கள். உங்களுக்கும் விழுந்தது. "நீ பாத்தியே, பாத்துட்டு வாய மூடிக்கினு வண்டி ஓட்டினியே, நீ இன்னா மாமன்?" என்று கேட்டார். அப்போது உங்கள் முகம் போன போக்கு. நான் ஏன் சிரித்துக்கொண்டே நின்றேன் என்று சுலோ அத்தை கேட்டார்களாமே. அவர்களுக்குச் சொல்லுங்கள்: முப்பத்து மூன்று நாள் கழித்துத் திட்டு விழுந்தது, அதனால்தான்.

திட்டி முடித்து உங்களுக்கு மீன் குழம்பு ஊற்றினார். மூன்று தடவை ஊற்றினார், நீங்கள் போதும் என்று சொல்லச் சொல்ல. இனி நீங்கள் சாப்பிடாமல் இந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாது, தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போர்டை எங்கே மாட்டுவது என்று நைனாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். நான் என் படுக்கைக்கு மேலே என்றேன். நைனா கேட்காமல் தெருக்கதவுக்கு மேலே ரெண்டு ஆணி அடித்து மாட்டிவிட்டார். உத்திரமேரூர் பக்கம் வெளியே தெரிந்தது. பரிமளாம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். என்ன ஊர், ஏன் ரெண்டு பக்கமும் எழுதியிருக்கிறது என்று கேட்டார். வண்டி எங்கே போகிறதோ அந்த ஊரை முன்னால் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சரி என்று போய்விட்டார்.

கட்டிலை விற்க வேண்டாம். சனிக்கிழமை மாலை ட்ரிப்பில் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிவிடுவேன். பரிமளாம்மாவே சொல்லிவிட்டார். "மாமன் வூட்டுக்குப் போறதுக்கு இன்னா, போய்ட்டு வா. வாங்கின கட்டில் சும்மா கெடந்து துருப்புடிக்கணுமா" என்றார். இடது பக்கம் முதல் சீட். துண்டு போட்டு வையுங்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஆனால் கைக்குழந்தைக்காரர் வந்தால் கொடுத்துவிடுங்கள், நான் நின்றுகொண்டு வருகிறேன். ஹாரன் மறு மதிப்பீடு அன்றைக்கே. பரிமளாம்மா ஃபோன் பண்ணும்போது நன்றாக அடியுங்கள். எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டும்.

இன்று காலை ஒரு ஒத்திகை நடந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு நோட்ஸ் வாங்க, சொல்லிவிட்டுத்தான், கிளம்பினேன். பாதித் தெரு போய்த் திரும்பிப் பார்த்தால், பரிமளாம்மா ஸ்டூல் போட்டு ஏறி, போர்டைக் 'காஞ்சிபுரம்' பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நான் தெருமுனையில் திரும்பும்போது ஸ்டூல் வாசலிலேயே கிடந்தது. போர்டு அதற்குள் 'உத்திரமேரூர்' ஆகியிருந்தது.

இளமதி